வடசென்னைப் பிள்ளைகளுக்கு நீடித்த வளர்ச்சியைக் கற்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி ஆசிரியர்கள், மாலை நேரப் படிப்பு மையங்களில் பாடம் சொல்லும் கல்லூரி மாணவர்கள், பிள்ளையை அழைத்துப்போக வந்து வாசலில் நிற்கும் பெற்றோர் என்று பலரும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொடுங்கையூர், எண்ணூர் பக்கங்களில் என் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்களின் போக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. நீடித்த வளர்ச்சி என்கிறார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை எப்படிப் புரியவைப்பது?

1987-இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணையம் தந்த விளக்கம்தான் இன்றும் அடிப்படை. இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளலாம். அதற்காக, வரப்போகும் தலைமுறையின் வழியை அடைத்துவிடக் கூடாது. இதை அப்படியே எழுதிப்போட்டால் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துவிட்டு மறந்துவிடுவார்கள். சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரின் கதையைச் சொல்லுங்கள்.

மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரை வயல்களுக்கும் இறைத்தார்கள். 1960-களிலிருந்து நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து இறைத்தார்கள். மழைநீர் மண்ணில் ஊறும் வேகத்தை இறைக்கும் வேகம் மிஞ்சியது. கடல்நீர் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. தாத்தா காலத்தில் நல்ல தண்ணீர் தந்த கிணறு பேரன் காலத்தில் உவர்த்துப்போனது. பிறகு 2010-இல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர்க் குடிநீர் ஆலையைத் திறந்தார்கள். நிலம் இலவசமாகத் தந்துகொண்டிருந்ததை இப்போது ஏராளமான மின்சாரம் செலவழித்துப் பெறுகிறோம். இதைக் கேட்டதும் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை, “இறைத்தது யார், உப்புத் தண்ணீர் குடித்தது யார்?” என்று கேட்கும். அந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கீழே உள்ள பதில்கள் பலவும் அதையே சுற்றி வருகின்றன.

2. பதினேழு இலக்குகளையும் மனப்பாடம் செய்யவைக்க வேண்டுமா?

வேண்டாம். 2015-இல் ஐ.நா. உறுப்பு நாடுகள் 2030-ஐக் கெடுவாக வைத்து நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளை ஏற்றன என்பது தெரிந்தால் போதும். 11-ஆவது இலக்கை மட்டும் விரிவாக எடுத்துக்கொள்ளுங்கள். அது நகரங்களைப் பற்றியது. எல்லோருக்கும் பாதுகாப்பான வீடு, கட்டுப்படியாகும் போக்குவரத்து, பேரிடரிலிருந்து காப்பு, நல்ல காற்று, முறையான குப்பை மேலாண்மை, பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அச்சமின்றிப் போகக்கூடிய பசுமையான பொது இடம் ஆகியவை அதில் வருகின்றன. இதைப் படித்துக்காட்டி, “நம் தெருவுக்கு இதில் எவையெல்லாம் கிடைத்திருக்கின்றன?” என்று கேளுங்கள். பட்டியல் தானாக வளரும்.

3. பாடத்தை முடிக்கவே நேரமில்லை. இதற்கு எங்கே தனி வகுப்பு ஒதுக்குவது?

தனி வகுப்பு தேவையில்லை. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இலேயே சொல்லிவிட்டது. பாடநூல்களில் அது இருக்கிறது. பல பள்ளிகளில் தேசிய பசுமைப் படையும் சுற்றுச்சூழல் மன்றமும் இருக்கின்றன. இல்லாதது நம் ஊர் மட்டும்தான். கணக்கு வகுப்பில் மழைநீரை அளக்கலாம், தமிழ் வகுப்பில் மாநகராட்சிக்குக் கடிதம் எழுதலாம், சமூக அறிவியலில் வார்டு வரைபடம் வரையலாம். ஓவியப் போட்டியில் பச்சை பூமியைத் தாங்கும் இரண்டு கைகளை வரைந்து பரிசு வாங்கிய பிள்ளைக்குத் தன் தெருச் சாக்கடை எந்தக் கால்வாயில் சேர்கிறது என்று தெரியாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

4. எங்கள் பகுதியில் காடு இல்லை, பூங்காகூட இல்லை. எதைக் காட்டிக் கற்பிப்பது?

நகரம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்ட வடசென்னையைப் போல் இன்னோர் இடம் கிடைப்பது அரிது. நகரத்துக்கு மின்சாரம், எரிபொருள், மீன், சரக்கு எல்லாம் வருவதும் கழிவுகள் பல போய்ச் சேர்வதும் இங்கேதான்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் ஒருமுறை அழைத்துப்போங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியபோது, கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தக் கட்டுமானம் தடுத்துவிட்டது. தடுக்கப்பட்ட மணல் தெற்கே சேர்ந்து மெரினா அகன்றது. மணல் வரத்து நின்ற வடக்குக் கரையைக் கடல் அரித்தது. இராயபுரத்துக்கு வடக்கே இன்று மணற்பரப்புக்குப் பதில் கற்களையும், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கல் அடுக்கிய தூண்டில் வளைவுகளையும் பார்க்கிறோமே, அதன் காரணம் இதுதான். ஒரே கட்டுமானம் ஓர் ஊருக்குக் கடற்கரையைக் கொடுத்து இன்னோர் ஊரிடமிருந்து அதை எடுத்துக்கொண்டது. மணல் கொட்டிய தட்டில் ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து நீரைச் சாய்வாக ஓடவிட்டால் பத்து வயதுப் பிள்ளைக்கும் இது புரிந்துவிடும்.

அடுத்ததாக பக்கிங்காம் கால்வாய். இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இந்த நீர்வழியில் ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் போயின என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். கொடுங்கையூரில் நம்பிக்கை தரும் ஒன்றும் இருக்கிறது. கழிவுநீரை மூன்று நிலைகளில் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019 முதல் அங்கே இயங்குகிறது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறன். அவ்வளவு நல்ல தண்ணீர் தொழிற்சாலைக்குப் போகாமல் மிச்சமாகலாம். கெட்டதை மட்டுமே காட்டினால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். இதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

5. மழைநீர் சேகரிப்பை எல்லோரும் கட்டுரையில் எழுதுகிறார்கள். அதை எப்படி உண்மையான பாடமாக்குவது?

கணக்காக்குங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மாடி 40 சதுர மீட்டர் என்றால் 56,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் ஏறக்குறைய 45,000 லிட்டர், அதாவது 15 லிட்டர்க் குடத்தில் 3,000 குடம். லாரி வரும் நேரம் பார்த்துக் குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைக்கு இந்த எண் உடனே மனதில் பதியும். 2019 கோடையில் நகரத்து ஏரிகள் வறண்டதையும் 2015 டிசம்பரில் நகரம் மூழ்கியதையும் சேர்த்துச் சொல்லி, ஒரே ஊரில் இரண்டும் எப்படி நடக்கும் என்று கேளுங்கள்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது 2003-இல். இருபது ஆண்டுகள் தாண்டியும் குழாய் மாடியிலிருந்து இறங்கித் தெருவில் முடியும் வீடுகள் நிறைய. பிள்ளைகளைத் தெருவில் அனுப்பி, குழாய் எங்கே போய் முடிகிறது, தொட்டியில் மண் அடைத்திருக்கிறதா என்று குறித்துவரச் சொல்லலாம். வாடகை வீட்டுப் பிள்ளை தன் வீட்டில் எதையும் மாற்ற முடியாது என்பதை மறக்காதீர்கள். அவர்களுக்குப் பள்ளிக் கட்டடத்தைக் கொடுங்கள்.

6. நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் வண்டியில் ஒன்றாகவே கொட்டுகிறார்கள். பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. கோபம் நியாயமானது. குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும் என்பது திடக்கழிவு மேலாண்மை விதிகளில் குடிமக்களின் கடமை. பிரித்ததைத் தனித்தனியாக வாங்கிச் செல்வது மாநகராட்சியின் கடமை. இரண்டாவது பாதி நடக்காதபோது முதல் பாதியை மட்டும் பிள்ளைகளிடம் வலியுறுத்துவது முழுப் பாடம் ஆகாது. இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். எந்தத் தெருவில், எந்த நாளில் கலந்து கொட்டப்பட்டது என்று பிள்ளைகள் எழுதிவைத்தால், 13-ஆவது பதிலில் சொல்லும் வழியில் அதைப் புகாராக்கலாம்.

ஆனால் பிரிப்பதை நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் வகுப்பறைக் குப்பையைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மதிய உணவு மிச்சத்தையும் இலைதழையையும் எடுத்துவிட்டால் எடை பாதிக்குமேல் குறைந்துவிடுவதைப் பார்க்கலாம். அதைத் தொட்டியில் உரமாக்கினால் வண்டியை நம்ப வேண்டியதே இல்லை. காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் காயலான் கடை இருக்கிறது. காயலான் கடைக்காரரை ஒருநாள் பள்ளிக்கு அழைத்து, எதை வாங்குவார், எதை வாங்கமாட்டார், ஏன் என்று பேசச் சொல்லுங்கள். அவர் வாங்க மறுக்கும் பொருள்தான் கொடுங்கையூர்க் குப்பை மேட்டில் நிரந்தரமாகத் தங்குகிறது. மறுசுழற்சியைப் பற்றி நான் கேட்ட மிக நல்ல பாடங்களில் சில அப்படிப்பட்ட கடைகளின் முன்னால் கேட்டவை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். “குப்பை அள்ளுபவர் சரியாகச் செய்யவில்லை” என்ற பேச்சு அங்கே எழ இடம் தராதீர்கள். ஒரே ஒரு பெட்டியுள்ள வண்டியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பிரித்து வாங்கவில்லை என்று அவரையே குறைசொல்வது அநீதி.

7. குப்பையை எரித்து மின்சாரம் எடுத்தால் மேடு குறையுமே, அதை ஏன் எதிர்க்கிறார்கள்?

சென்னையில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேர்கிறது. அதைக் கையாள, கொடுங்கையூரில் எரி உலை அமைக்கும் திட்டத்தை மாநகராட்சி முன்வைத்தது. 2025-இல் வடசென்னை மக்கள் அதை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். இதை வகுப்பில் விவாதமாக நடத்தலாம். இடம் மிச்சம், குப்பையின் அளவு சுருங்கும் என்பது ஒரு பக்கம். நம் ஊர்க் குப்பையில் ஈரம் அதிகம் என்பதால் அது நன்றாக எரியாது, சாம்பலும் நச்சுப் புகையும் மிஞ்சும், உலைக்குத் தீனி போட வேண்டியிருப்பதால் குப்பையைக் குறைக்கும் முனைப்பு தளரும் என்பது மறுபக்கம்.

என் கருத்தை மறைக்கவில்லை. முன் கேள்வியில் சொன்னபடி ஈரக் குப்பையைப் பிரித்தெடுத்தாலே சிக்கலின் பெரும்பகுதி தீரும். அதைச் செய்து பார்க்காமல், ஏற்கெனவே புகைபோக்கிகள் நிறைந்த பகுதியில் இன்னொன்றை நிறுத்துவது நியாயமில்லை. ஆனாலும் விவாதத்தில் எதிர்த்தரப்பை எடுக்கும் பிள்ளைக்குச் சரிசமமான நேரம் கொடுங்கள்.

8. எங்கள் வீட்டில் ஏ.சி. இல்லை, கார் இல்லை. பிள்ளையிடம் “சிக்கனமாக வாழு” என்று எப்படிச் சொல்வது?

சொல்லாதீர்கள். வியாசர்பாடியில் ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் குடும்பம் ஏற்கெனவே மிகக் குறைவாகத்தான் பயன்படுத்துகிறது. புறநகர் ரயிலில் போகிறது, பழைய மிக்சியைப் பழுதுபார்த்து ஓட்டுகிறது, அண்ணன் சட்டையைத் தம்பி போடுகிறான். “உன் வீட்டில் நடப்பதைத்தான் உலகம் கற்றுக்கொள்ள முயல்கிறது” என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லுங்கள். அது உண்மையும்கூட. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிப்பதையும், அதே ஆண்டு மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டதையும் நகரத்தின் நல்ல மாற்றங்களாகப் பேசுங்கள்.

மறுபக்கக் கணக்கையும் போடுங்கள். எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. வடசென்னை அனல் மின்நிலையம் 1994-இல் தொடங்கியது. பின்னர் வல்லூர் வந்தது. மின்சாரம் மாநிலம் முழுவதற்கும் போனது. நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. ஆழம் குறைந்து மீன்வளம் சரிந்ததைக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மீனவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவருகிறார்கள். குறைவாகப் பயன்படுத்துபவர்கள் அதிகச் சுமையைத் தாங்குகிறார்கள் என்பதைப் பிள்ளை அறிய வேண்டும். அதை அறியாமல் மின்விசிறியை அணைக்கப் பழக்குவது மட்டும் நீடித்த வளர்ச்சிக் கல்வி ஆகாது.

9. என் கணவர் மணலியில் ஆலைத் தொழிலாளி. அந்தச் சம்பளத்தில்தான் பிள்ளை படிக்கிறான். அவனை அப்பாவுக்கு எதிராகத் திருப்பிவிடுவீர்களா?

மாட்டோம் அம்மா. ஆலையை மூடு என்பது பாடமல்ல. ஆலை எப்படி இயங்க வேண்டும், விதிகள் என்ன, அவற்றை யார் கண்காணிக்க வேண்டும் என்பதே பாடம். குழாய் கசிந்தால் அந்தக் காற்றை முதலில் சுவாசிப்பவர் உள்ளே நிற்கும் தொழிலாளிதான். அப்பாவின் உடல்நலமும் பிள்ளையின் பாடமும் எதிரெதிர்ப் பக்கங்களில் இல்லை.

அதே நேரத்தில், வேலை என்றால் ஆலை வேலை மட்டுமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகிலும் வலையிலும் எண்ணெய் பிசுபிசுக்க, மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் நின்றார்கள். அவர்களுடையதும் வேலைதான். ஆலைத் தொழிலாளியின் மகனும் மீனவரின் மகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பு வடசென்னையில் அமைவது பெரிய வாய்ப்பு. இருவரையும் தங்கள் வீட்டு ஒருநாள் வருமானக் கதையைச் சொல்லவிடுங்கள்.

10. இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் பயந்துவிடமாட்டார்களா?

சொல்லாவிட்டாலும் பயம் இருக்கிறது. அதே 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, கண்ணெரிச்சலோடு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு குடும்பங்கள் வீட்டைவிட்டு ஓடின. அந்தப் பிள்ளைகளிடம் எதுவும் நடக்காததுபோல் பாடம் நடத்துவதுதான் தவறு.

செய்ய ஏதாவது இருந்தால் பயம் குறையும். வாயு கசிந்தால் ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும் என்பதைப் பயிற்சியாகவே செய்து பாருங்கள். காற்றின் திசையை மாடியில் காயும் துணியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தெருவில் தனியாக இருக்கும் பாட்டி யார், நடக்க முடியாதவர் யார் என்று பட்டியல் எடுக்கச் சொல்லுங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளிடம் விபத்துகளைப் பற்றி விரிவாகப் பேசத் தேவையில்லை. மழை, குப்பை, மரம் போதும்.

11. எங்கள் பகுதிக் காற்று எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மணலி, கொடுங்கையூர், இராயபுரம் ஆகிய இடங்களில் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் அளவுகளைப் பார்க்கலாம். காற்றுத் தரக் குறியீடு 50 வரை நல்லது. 200-ஐத் தாண்டினால் மோசம். நுண்துகளான பி.எம். 2.5-க்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பு 2021-இல் பரிந்துரைத்தது 5. இந்த இடைவெளி ஏன் என்பது பதினொன்றாம் வகுப்புக்கு நல்ல விவாதப் பொருள். கரும்பலகையின் ஓரத்தில் தினமும் அளவை எழுத ஒரு பிள்ளையை நியமியுங்கள். ஒரு பருவம் போனபின் வரைபடமாக்குங்கள்.

12. ஆற்றோரக் குடிசைகளை அகற்றினால் ஆறு சுத்தமாகும்தானே? அதுவும் நீடித்த வளர்ச்சிதானே?

குடிசைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடியமர்த்தும் கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ போய்விட்ட நண்பனை இழந்த பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம், மெதுவாகப் பேசுங்கள். 11-ஆவது இலக்கின் முதல் அம்சமே எல்லோருக்கும் போதுமான, பாதுகாப்பான, கட்டுப்படியாகும் வீடு. வேலையும் பள்ளியும் இங்கே இருக்க, வீட்டை மட்டும் நகரத்தின் மறுகோடியில் கொடுத்தால் அந்த அம்சம் நிறைவேறவில்லை. ஆற்றில் கலப்பது யாருடைய கழிவு என்று வரைபடத்தில் தேடச் சொல்லுங்கள். சுத்திகரிக்காத சாக்கடையும் ஆலைக் கழிவும் வரும் வாய்க்கால்கள் அப்படியே இருக்க, குடிசைகள் மட்டும் போவதால் ஆறு தெளியாது. வெள்ள அபாயமுள்ள கரையில் மக்கள் வாழக் கூடாது என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அப்படியானால் மாற்று வீடு அருகில் இருக்க வேண்டும்.

13. பிள்ளைகள் கண்டுபிடித்ததை யாரிடம் கொண்டுபோவது?

குப்பை, தெருவிளக்கு, அடைத்த வடிகால் போன்றவற்றுக்கு மாநகராட்சியின் 1913 என்ற எண். புகார் எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். தீராவிட்டால் வார்டு கவுன்சிலர். சென்னையில் 200 வார்டுகள். தன் வார்டு எண்ணைச் சொல்லத் தெரியாத கல்லூரி மாணவர்களை நிறையப் பார்க்கிறேன், முதல் வகுப்பிலேயே அதைக் கற்பித்துவிடுங்கள். வார்டுக் குழுக் கூட்டங்களிலும், வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டங்களிலும் பிள்ளைகள் எடுத்த அளவுகளைப் பெரியவர் ஒருவர் முன்வைக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போட்டால் 30 நாட்களில் பதில் தர வேண்டும். கையெழுத்துப் பெரியவருடையதாக இருக்கட்டும். பள்ளி நிர்வாகம் தயங்கினால், பிள்ளைகளின் பெயரை எங்கும் போடாமல் பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் பெயரில் அனுப்புங்கள்.

14. “படித்து முடித்ததும் இந்த இடத்தைவிட்டுப் போய்விடுவேன்” என்கிறாள் ஒரு மாணவி. அவளுக்கு என்ன சொல்வது?

போகாதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. கொடுங்கையூர்ப் புகையில் வளர்ந்த பெண் நல்ல காற்றைத் தேடிப் போவதைத் துரோகம்போல் பேசினால் அவள் மனம் புண்படும். அடுத்த வகுப்புக்கு வரவும் மாட்டாள்.

போகும் இடத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். மரம், நடைபாதை, இரவில் பயமில்லாத பேருந்து நிறுத்தம், மழைக்கு மூழ்காத தெரு, ஜன்னலைத் திறக்கக்கூடிய காற்று என்று எழுதுவாள். இரண்டாம் பதிலில் பார்த்த பட்டியலோடு அதை ஒப்பிடச் சொல்லுங்கள், பெரும்பாலும் பொருந்தும். அவற்றில் எவை மாநகராட்சியின் கையில் இருக்கின்றன, எவை மின்வாரியத்திடமோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமோ இருக்கின்றன என்று அவளே பிரிக்கட்டும். மாநகராட்சிப் பகுதியில் வருபவற்றை எழுதி எடுத்துக்கொண்டு, அவள் அம்மாவோடு அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு அனுப்பிவையுங்கள்.